பானையோடு பகரும் சான்று



உடைந்த கலத்தை இல்லத்தில் வைத்திருத்தல் ஆகாது என்பர் பெரியோர். ஆயினும், மண்ணுள் கிடக்கும் உடைந்த ஓடு, மறைந்த ஊருக்குச் சாட்சி பகர்வதுண்டு.

தமிழ்க் கல்வெட்டுகள் கடாரம் எனக் குறிக்கும் கெடா நிலத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு உள்ளது. 1930களில் குவாரிச் வேல்ஸ் என்னும் அறிஞர் தம் துணைவியாருடன் அங்குப் பல பழங்கோயில்களின் அடித்தளங்களை அகழ்ந்து கண்டார். அப்பள்ளத்தாக்கின் பெங்காலான் பூஜாங் துறையில் சோங், யுவான் அரசமரபுக் காலத்துச் சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. கடலுக்கு அப்பால், இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்திலும் 13, 14ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சீனப் பீங்கான் ஓடுகளை, ஜப்பானிய அறிஞர் நொபோரு கராசிமாவும் தமிழ்நாட்டு ஆய்வாளரும் 1980களில் கண்டு ஆராய்ந்தனர். சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்திலோ, 1281ஆம் ஆண்டில் சிவாலயம் எடுத்த செய்தியைக் கூறும் தமிழ்க் கல்வெட்டு கிடைத்துள்ளது. வணிகம் சென்ற வழியே வழிபாடும் சென்றது என்பதற்கு இவை சான்றாகும்.

மரக்கலங்கள் சுமந்த பட்டும் கற்பூரமும் அழிந்தன. கண்ணாடி போன்ற மெருகுப் பூச்சு உடைய ஓடு மட்டும் அழியாது நின்றது. பூச்சின் நிறமும், கலத்தின் அடிவளையமும் அதன் காலத்தை உணர்த்தும். எனினும் அது எவ்விடத்தில், எந்த மண்ணடுக்கில், எவற்றோடு கிடந்தது என்பதே முதன்மைச் சான்று. அழகுக்காக ஒருவர் எடுத்துச் சென்றால், ஓடு இருக்கும், வரலாறு இராது. 2013ஆம் ஆண்டில் அப்பள்ளத்தாக்கின் பழங்கோயில் ஒன்றன் அடித்தளமே நில மேம்பாட்டுப் பணியில் தகர்க்கப்பட்டது.

நெகிரி செம்பிலானில் ரந்தாவ், லாபு, சிலியாவ் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் சீவிய தமிழர், லயங்களின் அருகே கோயில்கள் எழுப்பினர். தோட்டங்கள் பல வீடமைப்பு நிலங்களாகிவிட்டன; மக்களும் சிதறினர். திருப்பணிக்கு மண் தோண்டும்போது வெளிப்படும் அகல், கிண்ணம், செங்கல் ஆகியவை, அம்மக்கள் வாழ்ந்ததற்கு எஞ்சியுள்ள சான்றுகள். அவற்றைக் குப்பையில் எறியாமல், கிடந்த இடத்தைக் குறித்து, படம் எடுத்து, கோயிலில் பேணுதல் வேண்டும். மிகப் பழமையானவை எனத் தோன்றுவனவற்றை 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டப்படி மாவட்ட அதிகாரிக்குத் தெரிவித்தல் கடமை.

கோபுரத்தைப் புதுப்பிப்பது திருப்பணி. அடிமண்ணைக் காப்பதும் திருப்பணியே. எல்லாம் வல்ல இறையருள் துணைநிற்பதாக!