பட்டப்படிப்பும் வட்டிக் கடனும்

 

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகன் ஓசூர் சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்ந்தால் அடுத்த மாதமே ஊதியம் வரும். பொறியியலில் சேர்த்தாலோ நான்காண்டுக் கட்டணமும் செலவு. அந்நான்காண்டு ஊதியமும் இழப்பு. இரண்டும் சேர்ந்ததே பட்டத்தின் விலை என்பதை நாம் உணர வேண்டும். எனினும் ஒப்பந்த வேலை நிலையற்றது. கற்ற கல்வி நிலைத்தது. ஆகவே மகனாயினும் மகளாயினும் படிக்க வைப்போம்; ஆனால் கணக்கிட்டுப் படிக்க வைப்போம்.

நிர்வாக ஒதுக்கீட்டு இடத்திற்காக நகையை அடகு வைத்து, ஹராமான வட்டியில் விழுவதற்கு முன் கலந்தாய்வுக்கு விண்ணப்பிப்போம். பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007இல் கிடைத்த 3.5 விழுக்காடு ஒதுக்கீடு அங்கே உண்டு. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகையும் உண்டு. நம் மாவட்டத்தில் பர்கூரிலேயே அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. பாலிடெக்னிக் முடித்தவர் உடனே வேலைக்கும் செல்லலாம். பொறியியல் இரண்டாமாண்டில் நேரடியாகவும் சேரலாம்.

அதற்கும் இயலாத ஏழை மாணவருக்கு, வசதி படைத்தோர் வட்டியில்லா அழகிய கடன் வழங்க முன்வர வேண்டும். அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் கட்டளையிடுவதுபோல் அக்கடனை எழுதியும் வைப்போம்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும் ஹலாலான வாழ்வாதாரத்தையும் அருள்வானாக! ஆமீன்.