வேகமிதி மேலெழாதபோது



மோட்டார் வண்டி ஓட்டுபவரின் வலது காலுக்கு இரண்டு மிதிகள் உரியன. ஒன்று வண்டியை நிறுத்துவது. மற்றது அதை விரையச் செய்வது. அக்சிலரேற்றர் என்று நாம் யாவரும் வழங்கும் இரண்டாவது மிதியை வேகமிதி என்று இப்பேச்சிலே குறிப்பிடுவேன். காலை எடுத்தவுடன் தானே மேலெழுந்து வரவேண்டியது அதன் இயல்பு. எடுத்த பின்னும் அது அழுந்தியபடியே நின்றுவிட்டால் சாரதி என்ன செய்ய வேண்டும் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

பள்ளிக்கூட அதிபர் ஒருவருக்கு இதில் என்ன அக்கறை என்று சிலர் வினவலாம். பகல் ஒன்றரை மணிக்குப் பாடசாலை விடும் வேளையில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு பாடசாலை வாயிலில் நின்று பார்த்தவர்களுக்கு அந்த ஐயம் எழாது. வாயிலுக்கும் வீதிக்கும் இடையே ஒரு சிறு நடைபாதை. அதிலே நெருக்கியடித்துக்கொண்டு பிள்ளைகள். அவர்களை ஏற்றிச் செல்ல வந்த கார்களும் வான்களும் முச்சக்கர வண்டிகளும் எஞ்சின் ஓடியபடி நிற்கின்றன. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் கார் ஒரு விநாடியிலே ஏறத்தாழ 14 மீற்றர் தூரம் கடந்துவிடும். மூன்று விநாடி நேரம் சாரதி திகைத்து இருந்துவிட்டால் 42 மீற்றர். காலி வீதியிலே 42 மீற்றருக்குள் எத்தனை பேர் நிற்பார்கள் என்பதைத் தாங்களே எண்ணிப் பார்க்கலாம்.

பண்டைக் காலத்து வண்டிகளுக்கு இந்த ஆபத்து இவ்வுருவில் இருந்ததில்லை. மாடு மிரண்டோடினால் மூக்கணாங்கயிறு உண்டு. குதிரை கட்டுமீறினாலும் சிறிது தூரத்தில் அதற்குக் களைப்பு வரும். பள்ளத்தைக் கண்டால் தானே அஞ்சி நிற்கும். எஞ்சினுக்கோ களைப்புமில்லை, அச்சமுமில்லை. தாங்கியிலே பெற்றோல் உள்ளவரை ஓடும். தேரோட்டியை நம் முன்னோர் வலவன் என்றனர். அகநானூற்றுத் தலைவன் ஒருவன் சோலையிலுள்ள வண்டுகள் அஞ்சாதிருக்கும்பொருட்டுத் தேர்மணிகளின் நாவைக் கட்டிவிட்டு வந்தான் என்று படிக்கின்றோம். அத்தகைய மென்மையைக் காலி வீதிப் பஸ் சாரதிகளிடம் யாரும் எதிர்பார்ப்பதில்லை. எனினும் ஊர்தியைத் தன் வசத்தில் வைத்திருப்பவனே வலவன் என்ற பொருள் இன்றைக்கும் பொருந்துவதே.

இனி, உலகம் முழுவதையும் இவ்விஷயத்தின்பாற் கவனம் செலுத்தச் செய்த ஒரு துயர நிகழ்ச்சியைச் சொல்லுகின்றேன். 2009ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 28ஆந் திகதி, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலே, சன் டியேகோ நகருக்கு அருகிலுள்ள சாண்டீ என்னுமிடத்தில் அது நடந்தது. வண்டியை ஓட்டியவர் சாதாரண மனிதரல்லர். நெடுஞ்சாலைக் காவற்படையிற் பணியாற்றிய அதிகாரி. தமது காரைப் பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டு, விற்பனை நிலையத்தார் தற்காலிகமாகக் கொடுத்த லெக்சஸ் கார் ஒன்றிலே மனைவி, மகள், மைத்துனர் ஆகியோருடன் சென்றுகொண்டிருந்தார். வேகமிதி அழுந்தியபடி சிக்கிக்கொண்டது. கார் மணிக்கு 160 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட வேகத்திற் பாய்ந்தது. மைத்துனர் தொலைபேசியிலே அவசர உதவிப் பிரிவினரை அழைத்து, வேகமிதி சிக்கிவிட்டது, பிரேக் பிடிக்கவில்லை என்று அலறினார். நெடுஞ்சாலை முடிந்து குறுக்கு வீதியொன்றைச் சந்திக்கும் இடத்திலே கார் வேறொரு வண்டியின்மீது மோதி, வீதியைவிட்டுப் பாய்ந்து தீப்பற்றியது. நால்வரும் மாண்டனர்.

காரணம் என்ன? காலடியில் விரிக்கும் ஒரு றப்பர் விரிப்பு! அது அந்தக் காருக்குரிய விரிப்பன்று. அதே நிறுவனத்தின் வேறொரு பெரிய வண்டிக்குரியது. அதை நிலத்தோடு பிணைக்கும் கொளுக்கியும் மாட்டப்பட்டிருக்கவில்லை. முன்னே நகர்ந்த விரிப்பின் விளிம்பிலே வேகமிதியின் அடிநுனி மாட்டிக்கொண்டது.

இதிலே நம் சிந்தனைக்குரிய செய்தி மற்றொன்றுண்டு. அந்த விபத்துக்குச் சில நாட்களுக்கு முன்னர் அதே காரை, அதே விரிப்போடு, வேறொருவர் எடுத்துச் சென்றிருந்தார். நெடுஞ்சாலையில் ஏறும்போது அவருக்கும் வேகமிதி சிக்கிக்கொண்டது. அவர் பிரேக்கை அழுத்தி வேகத்தைச் சிறிது குறைத்தார். கியர்த் தண்டை நியூற்றலுக்குத் தள்ளினார். எஞ்சின் பேரிரைச்சலிட்டது, காரோ மெல்ல மெல்ல ஓய்ந்து வீதியோரத்திலே நின்றது. அவர் குனிந்து விரிப்பை இழுத்துச் சரிசெய்துவிட்டுத் தம் வழியே போனார். அதே கார், அதே விரிப்பு. ஒருவர் வீடு சேர்ந்தார், நால்வர் சேரவில்லை.

மாண்ட அதிகாரி அறியாமையால் மாண்டார் என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் காரை நிறுத்தத் திறப்புக் கிடையாது. ஒரு பொத்தான் மாத்திரமே உண்டு. கார் ஓடும்போது அதைச் சும்மா தட்டினாற் பயனில்லை. மூன்று விநாடி தொடர்ந்து அழுத்திப் பிடிக்க வேண்டும். இரவல் வாங்கிய காரிலே இதை யார் சொல்லிக்கொடுத்தார்கள்? உயிர் போகும் வேளையிலே மூன்று விநாடி பொறுமையாக ஒரு பொத்தானைப் பிடித்திருக்க யாருக்குத் தோன்றும்?

வேகமிதி சிக்கிக்கொள்ளும் காரணங்கள் வண்டியின் வயதுக்கேற்ப வேறுபடும். எஞ்சினுக்குட் செல்லும் காற்றை ஒரு சிறு தகடு கட்டுப்படுத்துகின்றது. மொரிஸ் மைனர், ஒஸ்டின் போன்ற பழைய கார்களில் மிதிக்கும் அந்தத் தகட்டுக்கும் இடையே ஒரு தண்டோ கம்பி வடமோ உண்டு. தகட்டை மீண்டும் மூடுவதற்கு ஒரு சுருள்வில்லும் உண்டு. வடத்தின் இழைகள் பிரிந்து உறைக்குள்ளே சிக்கலாம், சுருள்வில் அறுந்துபோகலாம், துருப்பிடிக்கலாம். வெள்ளவத்தையிலே கடற்கரையை அடுத்து வாழ்வோருக்கு உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. சாளரக் கம்பிகளே சாட்சி. 1990களிலே என்னோடு படிப்பித்த ஒருவருடைய மொரிஸ் மைனரில் இந்தச் சுருள்வில் வெள்ளவத்தைப் பாலத்துக்கு அண்மையில் அறுந்தது. அவர் இடது காலாற் கிளச்சை அழுத்தினார், திறப்பைத் திருப்பினார், வண்டி நின்றது. வில்லின் விலை சொற்பம். கதையை அவர் ஒரு தவணை முழுவதும் ஆசிரியர் அறையிலே சொல்லிக்கொண்டிருந்தார் என்பதுதான் எங்களுக்கு நேர்ந்த கஷ்டம்.

இக்காலத்துக் கார்களில் வடமில்லை. மிதியின் அசைவை மின்கருவி அறிந்து எஞ்சினுக்கு அறிவிக்கின்றது. ஆனால் விரிப்பு இருக்கின்றதல்லவா? சாண்டீ விபத்துக்குப் பின்னர் டொயோட்டா நிறுவனம் பல மில்லியன் வண்டிகளை மீள அழைத்து மிதிகளைத் திருத்திக் கொடுத்தது. விரிப்பு மாட்டிக்கொள்வது ஒன்று, மிதியே உராய்ந்து மெதுவாக எழுவது ஒன்று, என இரு குறைகள் ஒப்புக்கொள்ளப்பட்டன. மின்கருவியிற் குற்றமுண்டா என்று விண்வெளி ஆய்வு நிறுவனமாகிய நாசாவின் பொறியியலாளரும் ஆராய்ந்தனர். அத்தகைய குற்றத்தைத் தாங்கள் காணவில்லை என்ற முடிவு 2011இல் வெளிவந்தது. 2013இல் ஒக்லஹோமாவில் யூரிமார் ஒரு வழக்கிலே மாறாகவும் தீர்ப்பளித்தனர். குறைகளை மக்களிடமிருந்து மறைத்தமைக்காக அந்நிறுவனம் 2014இல் 120 கோடி டொலர் தண்டப்பணம் செலுத்த இணங்கியது.

இப்பொழுது செய்முறைக்கு வருவோம். மிதி சிக்கிக்கொண்டதும் சாரதியின் மனம் மிதியையே நாடும். குனிந்து கையால் இழுக்கத் தோன்றும். அது கூடாது. கண் வீதியை விட்டகன்றால் எல்லாம் கெட்டது. பிரேக்கை ஒரே முறையில், முழுப் பலத்தோடு அழுத்தி, காலை எடுக்காமல் வைத்திருக்க வேண்டும். விட்டு விட்டு மிதிப்பது பெருந்தவறு. ஏனெனில், நம் காலுக்குத் துணையாக நின்று பிரேக்கை இலகுவாக்குவது பெரும்பாலான பெற்றோல் வண்டிகளிலே எஞ்சின் உண்டாக்கும் வெற்றிடமாகும். காற்றுத் தகடு முழுவதும் திறந்திருக்கும்போது வெற்றிடம் உண்டாவது குறைந்துவிடும். சேமிப்பில் இருப்பதும் இரண்டு மூன்று மிதிப்பிலே தீர்ந்துபோகும். பின்னர் மிதி கல்லைப்போல் இறுகிவிடும். வீட்டிலுள்ள கடைசிப் படி அரிசியைப் போல அதைச் சிக்கனமாகக் கொள்ள வேண்டும். நல்ல நிலையிலுள்ள பிரேக் எஞ்சினை வெல்லக்கூடியதே. 2009இல் ஓர் அமெரிக்க மோட்டார்ச் சஞ்சிகை சோதித்தபோது, மணிக்கு 70 மைல் வேகத்தில் வேகமிதி முழுவதும் அழுந்திய கார், வழமையைவிட ஏறத்தாழ 16 அடி மாத்திரமே கூடுதலாக ஓடி நின்றது. ஆனால் அது தொடக்கத்திலேயே உறுதியாக அழுத்தியதன் பயன். நெடுந்தூரம் அரைகுறையாக அழுத்திச் சென்றால் பிரேக் சூடேறிச் செயலற்றுப்போகும்.

அதே வேளையில் இடது கை கியர்த் தண்டை நியூற்றலுக்குத் தள்ள வேண்டும். கிளச் உள்ள வண்டியானால் அதனை அழுத்தினாலே போதும். எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள உறவு அறுந்துபோகும். எஞ்சின் அலறும். அலறட்டும்! புதிய வண்டிகளிலே அது தன் எல்லையை மீறாதபடி தடுக்கும் ஏற்பாடு உண்டு. பழைய வண்டியில் எஞ்சின் கெட்டுப்போனாலும் பஞ்சிகாவத்தைக்குப் போனால் வேறு எஞ்சின் வாங்கலாம். வண்டியை இடப்புறமாக ஒதுக்கி நிறுத்தியபின்னரே எஞ்சினை அணைக்க வேண்டும். ஓடும்போதே அணைத்தால் ஸ்டியரிங் கனக்கும், பிரேக்கின் துணையும் குறையும். நியூற்றல் விழாதபோது அணைப்பதைத் தவிர வழியில்லை. அப்பொழுதும் திறப்பை ஒரு படி மாத்திரம் பின்னே திருப்புக. முற்றாகத் திருப்பி வெளியே எடுத்துவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். மோட்டார் சைக்கிளிலும் முச்சக்கர வண்டியிலும் கைப்பிடி வடம் சிக்கினால் இடக் கையிலுள்ள கிளச்சைப் பிடிப்பதே முதற்காரியம்.

இவ்விடத்தில் விரும்பத்தகாத ஓர் உண்மையையும் சொல்லியாக வேண்டும். வேகமிதி சிக்கியது என்று சொல்லப்படும் எல்லாச் சம்பவங்களிலும் அது சிக்கியிருப்பதில்லை. 2010இல் அமெரிக்க அரசாங்கத்தினர் இவ்வாறு முறையிடப்பட்ட 58 வண்டிகளின் பதிவுக் கருவிகளை ஆராய்ந்தபோது 35 வண்டிகளிலே பிரேக் மிதிக்கப்பட்டதற்கு அடையாளமே இல்லை. பிரேக் என்று எண்ணி வேகமிதியையே மென்மேலும் அழுத்தியிருக்கிறார்கள்! 1980களில் அவுடி கார்களைப் பற்றி எழுந்த கூக்குரலும் 1989இல் இதே முடிவிலே வந்து நின்றது. இவர்கள் பொய்யர்களல்லர், கால் பிரேக்கின்மேல் இருப்பதாக மெய்யாகவே நம்பியவர்கள். பாடசாலை வாயிலில் எனக்குள்ள பெரிய அச்சம் இதுவே. பின்னாலிருக்கும் பிள்ளையைத் திரும்பிப் பார்த்துப் பேசிக்கொண்டே காரை நகர்த்தும் வேளையிற் கால் இடம் மாறிவிடுகின்றது. நல்லவேளையாக, இந்தத் தவறுக்கும் நியூற்றலே மருந்து. எந்த மிதியில் கால் இருந்தாலும் சக்கரத்துக்குச் சக்தி போகாது.

நம் ஊருக்கே உரிய இரண்டு சங்கதிகள் எஞ்சியுள்ளன. கொழும்பில் ஓடும் கார்களிற் பெரும் பகுதி யப்பானிலே ஒருமுறை பாவிக்கப்பட்டு வந்தவை. அவற்றோடு வரும் கைந்நூல் யப்பானிய மொழியில் இருக்கும். நம்மில் யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை. பொத்தானால் இயங்கும் காரை ஓடும்போது அணைப்பது எவ்வாறு, ஹைபிரிட் காரிலே நியூற்றல் விழுவதற்குத் தண்டைச் சிறிது நேரம் பிடித்திருக்க வேண்டுமா என்பன அதிலே உள்ளன. அக்கார் வகைக்குரிய ஆங்கிலக் கைந்நூலைத் தேடிப் பெறுவது இன்று கடினமன்று. மற்றது, மழைக்காலத்துச் சேற்றுக்கு அஞ்சி நாம் ஒரு விரிப்பின்மேல் மற்றொரு விரிப்பை இடும் வழக்கம். அளவு பாராமல் வாங்கியது மேலே, காரோடு வந்தது கீழே. கொளுக்கி எங்கோ போயிற்று. சாரதியின் காலடியில் ஒரு விரிப்பே இருக்கட்டும். அதுவும் மிதிக்கு எட்டாமல், நகராமல் இருக்கட்டும். தண்ணீர்ப் போத்தலுக்கும் கழற்றிய செருப்புக்கும் அங்கே இடமில்லை.

நியூற்றலுக்குத் தள்ளும் பழக்கத்தை வீட்டு முற்றத்திலே, எஞ்சினை அணைத்துவிட்டு, பிரேக்கை மிதித்தபடி, கண்ணால் தண்டைப் பாராமற் செய்து பழகலாம். பத்து முறை செய்தாற் கை அறிந்துகொள்ளும். பக்கத்திலிருந்து பிரயாணஞ் செய்பவர்களும் இதை அறிந்திருப்பது நன்று. தண்டு இருவருக்கும் நடுவிலன்றோ இருக்கின்றது?

சிக்கிய வண்டி நின்றபின் அதை மீண்டும் ஓட்டிப் பார்க்க வேண்டாம். கராஜுக்கு இழுத்துச் செல்லச் செய்க. அது பிறருடைய வண்டியாயின் உரியவரிடம் வாய்ச்சொல்லோடு நின்றுவிடவும் வேண்டாம். சாண்டீயில் தப்பியவர் காரைத் திருப்பிக் கொடுத்தபோது, விரிப்பு மிதியிலே மாட்டிக்கொண்டதை விற்பனை நிலையத்தின் வரவேற்பு மேசையில் இருந்தவரிடம் சொல்லித்தான் சென்றார். கார் அதே விரிப்போடு அடுத்தவரிடம் போயிற்று. ஆகவே ஒரு கடதாசியில் இன்னது பழுது, ஓட்ட வேண்டாம் என்று பெரிய எழுத்தில் எழுதி, ஸ்டியரிங் சக்கரத்திலே கட்டிவிட்டு வாருங்கள்.