கடிமரமும் கதியாலும்



யாழ்ப்பாணத்து வேலிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பூவரசிலோ கிளுவையிலோ ஒரு கொப்பை வெட்டிக் கதியாலாக நட்டால், மாரி பெய்ததும் துளிர்த்துவிடும். வெட்டுண்ட பின்னும் வாழத் துடிப்பது மரத்தின் இயல்பு.

சங்கப் புலவர்கள் இதனைக் கூர்ந்து கண்டிருக்கிறார்கள். குறுந்தொகை 54ஆம் பாடலில், காட்டு யானை வளைத்துக் கைவிட்ட பசிய மூங்கில், மீனைக் கவ்விய தூண்டிற்கோல்போல் மேலே நிமிர்கிறது. அவ்வுவமையால் புலவருக்கு மீனெறி தூண்டிலார் என்ற பெயரே நிலைத்துவிட்டது. 112ஆம் பாடலில் ஆலத்தூர் கிழார், யானை முறித்தும் நிலத்தில் விழாமல் நாரைப் பற்றித் தொங்கும் கிளையைக் காட்டுகிறார்.

அதே ஆலத்தூர் கிழார் புறநானூறு 36ஆம் பாடலில் மனிதனின் கோடரியைக் காட்டுகிறார். கிள்ளிவளவன் கருவூரை முற்றுகையிட்டிருக்கிறான். காவல் மரங்களை வெட்டும் ஓசை அரண்மனைக்குள் கேட்கிறது. யானை முறித்த கிளைக்கு நாராவது எஞ்சியது. இங்கே மரம் அடியோடு சாய்கிறது.

புறநானூறு 57ஆம் பாடலில் காரிக்கண்ணனார் பாண்டியன் நன்மாறனிடம் ஒன்று வேண்டுகிறார். பகைவரின் வயலைக் கவர்ந்தாலும், ஊரை எரித்தாலும், கடிமரத்தை மட்டும் வெட்டாதே. உன் யானைகளைக் கட்டும் தறியாக அவை தாங்கா என்கிறார். 'ஊர் எரியலாம், மரம் வெட்டலாகாதா?' என்று பள்ளியில் படித்த நாளில் எனக்கு ஐயம் எழுந்தது.

2009இல் போர் முடிந்தபின், பதுங்குகுழிகளுக்காகப் பனைகள் தறிக்கப்பட்ட வெறும் வளவுகளைக் கண்டபோதுதான் அப்பாடல் என்னைத் தொட்டது. வீடுகளை மீண்டும் கட்டிக்கொள்ளலாம். பனையோ பூவரசைப் போலத் துளிர்ப்பதில்லை. குருத்து ஒன்றே அதன் உயிர். புதிதாய் முளைத்த வடலி பாளை தள்ள 12, 15 ஆண்டுகளேனும் வேண்டும். போரைத் தடுக்க இயலாத புலவர், போருக்குப் பின்னும் வாழவேண்டியவர்களுக்காகப் பேசியிருக்கிறார் என்றே நான் கொள்கிறேன்.

மருந்துக்காகக்கூட மரம் மடியும்படி எவரும் பறிப்பதில்லை என்று நற்றிணை 226இல் கணியன் பூங்குன்றனார் சொல்கிறார். அவர் காலத்து மாந்தரைப்பற்றி அப்படிச் சொல்ல முடிந்தது. நம்மைப்பற்றி எவரேனும் அப்படிச் சொல்வார்களா?

நேயர்களே, கிழங்குக்குப் பாத்தி போடும்போது இரண்டு பனம்விதைகளை வளவின் எல்லையிலும் புதைத்துவிடுங்கள். அவற்றைக் கிண்டாமல் விட்டாலே போதும். மிகுதியை மரம் பார்த்துக்கொள்ளும்.