இருக்கிற தண்ணீருக்குத்தான் விதைப்பு



நேற்றை மறந்துவிடுங்கள், நாளையை நினைத்துக் கலங்காதீர்கள், இன்றில் வாழுங்கள் என்பது பட்டமளிப்பு மேடைகளில் இளையவர்களுக்கு வழக்கமாகச் சொல்லும் புத்திமதி. வேறு ஊரில் அதைச் சொல்லிவிட்டுப் போய் அமர்ந்துவிடலாம். வன்னியில் அதைச் சொல்ல வாய் கூசுகிறது. 2009இல் போர் முடிந்த பிறகு இந்த மண்ணுக்கு வந்துபோன எத்தனையோ பேர் இதையேதான் சொன்னார்கள். நடந்தது நடந்துவிட்டது, மறந்துவிட்டு முன்னேறப் பாருங்கள் என்றார்கள். கேட்டுக்கொண்டிருந்த சனத்துக்கு அது ஆறுதலாகப் படவில்லை. வாயை மூடு என்று சொன்னதாகத்தான் பட்டது.

ஆனாலும் நான் அதே பொருளைத்தான் இன்று எடுத்திருக்கிறேன். இன்றில் வாழ்வது என்பது நல்ல விசயம். அதன்மேல் மறதியைப் பூசிவிட்டார்கள். அந்தப் பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு அதை உங்கள் கையில் தர விரும்புகிறேன்.

இன்று பட்டம் பெறும் உங்களில் வன்னிப் பிள்ளைகள் பலர் போர் முடிந்தபோது சிறுவர்கள். தெற்கிலிருந்து வந்து படித்த சிங்களப் பிள்ளைகளும், 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களின் வழிவந்தவர்களும் இந்த மண்டபத்தில் இருப்பீர்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நேற்று இருக்கிறது. அதைப் பற்றி வீட்டில் பேசினாலும் பேசாவிட்டாலும் பிள்ளைகளுக்கு அது தெரியும்.

மனநல மருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம் வடக்கின் போர்க்கால மனங்களை நீண்ட காலம் அருகில் நின்று பார்த்தவர். தனி ஆளின் மனத்தில் மட்டுமல்ல, குடும்பத்திலும் ஊரிலும் விழுகிற காயத்தை, கூட்டு மனவடுவை, அவர் எழுதியிருக்கிறார். மனவடுப்பட்ட ஒருவருக்கு நினைவு நினைவாக இருப்பதில்லை. கோயில் திருவிழாவில் வெடி கொளுத்துகிறார்கள். ஒரு தாய் பிள்ளையை இழுத்துக்கொண்டு நிலத்தில் விழுந்து படுக்கிறாள். அந்த நிமிடத்தில் அவள் கோயிலில் இல்லை, போரின் கடைசி மாதங்களின் மாத்தளனில் இருக்கிறாள். அவளிடம் போய்ப் பழசை விடு என்றால் என்ன பொருள்? அவள் பழசைப் பிடித்து வைத்திருக்கவில்லை. அதுதான் அவளைப் பிடித்து வைத்திருக்கிறது. அவளை இன்றைக்குக் கொண்டுவர மருத்துவர்கள் செய்விப்பது மிகச் சின்னக் காரியங்கள். மூச்சைக் கவனி, காலுக்குக் கீழே தரை இருக்கிறதா பார், சுற்றிவரத் தெரிகிற பொருட்களின் பேரைச் சொல் என்பார்கள்.

ஊரும் தன் வழியில் இதைச் செய்கிறது. வைகாசி விசாகத்தை ஒட்டி வற்றாப்பளைக் கண்ணகி அம்மனுக்குப் பொங்கல். கடலில் அள்ளிய உப்புத் தண்ணீரில் விளக்கெரிப்பார்கள். அதையொட்டி மே மாதத்தில்தான் போரின் கடைசி நாட்களின் நினைவாக முள்ளிவாய்க்கால் கஞ்சியும் காய்ச்சிக் கொடுக்கிறோம். பொங்குவதற்கும் அழுவதற்கும் இந்த ஊர் ஒரே பருவத்தில் இடம் வைத்திருக்கிறது. நாள் குறித்து, கூடி நின்று அழ முடிந்த சனத்துக்குத்தான் மற்ற நாட்களில் வயலுக்குப் போகக் கால் வரும். நினைவுகூர்வதைத் தடுத்தவர்கள் கடைசிவரை விளங்கிக்கொள்ளாத விசயம் இது.

நானே கண்ட ஒன்றைச் சொல்கிறேன். நான் கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். 2009 மே மாதத்துக்குப் பிறகு செட்டிகுளம் முகாம்களில் மூன்று இலட்சத்துக்குக் கிட்டிய சனம் அடைபட்டிருந்தது. ஓகஸ்ட்டில் உயர்தரப் பரீட்சை. பரீட்சை முகாமுக்குள்ளேயே நடக்கப்போகிறது என்றதும், ஆசிரியர்களாக இருந்த நாங்கள் தறப்பாளுக்குக் கீழே வகுப்புத் தொடங்கினோம். ஒரு பலகைத் துண்டைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு இணைந்த கணிதம் படிப்பித்தேன். கொப்பி கிடைக்காத பிள்ளைகள் நிவாரணப் பெட்டி மட்டையின் உள்பக்கத்தில் எழுதினார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை போரின் கடைசி நாட்களில் தகப்பனை இழந்தவள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தொடர்ந்து படிப்பிக்க முடியவில்லை. வெண்கட்டியோடு நின்றுவிட்டேன். அவள்தான் சொன்னாள்: “சேர், உந்தத் தொகையிடலை இன்னொருக்காச் செய்து காட்டுங்கோ. பிரதியிட்ட இடம் விளங்கேல்லை.”

செய்து காட்டினேன். அவள் தகப்பனை மறந்துவிட்டாள் என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்? இரவில் அந்தக் கூடாரத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. அந்த முக்கால் மணித்தியாலம் அவளுக்குக் கால் ஊன்றி நிற்க ஓர் இடம் இருந்தது. அது தொகையிடலில் பிரதியிட்ட இடம். நான் சொல்லும் இன்று அந்தளவு சின்னது, அந்தளவு உறுதியானது.

அப்படி இன்றில் நிற்பதையே தொழிலாகச் செய்கிறவர்களும் நம்மிடம் இருக்கிறார்கள். பளைக்கு அப்பால் முகமாலை. 2000 தொடக்கம் போரின் முன்னரங்காக இருந்த நிலம். அங்கே மிதிவெடி அகற்றப் போகிறவர்களில் பலர் பெண்கள், அவர்களில் பலர் குடும்பத்தைத் தனியே சுமக்கிறவர்கள். வெயில் ஏறுமுன் வேலை தொடங்கும். முகத்துக்கு மறைப்பு, உடம்புக்குக் கனத்த கவசம். ஒருவருக்கு ஒரு மீற்றர் அளவு அகலமான ஓர் ஒழுங்கை. முழங்காலில் இருந்து, முன்னால் உள்ள ஒரு துண்டு நிலத்தைக் கருவியால் சோதித்து, பற்கள் வைத்த இரும்பு வாரியால் மண்ணை மெல்ல மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். அது துப்புரவானால்தான் அடுத்த துண்டு. இந்த வெடியை வைத்தது யார் என்று அந்த நேரத்தில் யோசித்தால் கை தவறும். பின்னேரம் மகளின் ரியூசன் காசுக்கு என்ன செய்வது என்று யோசித்தாலும் கை தவறும்.

ஆனால் அவர்கள் நேற்றை அறியாமல் வேலை செய்வதில்லை என்பதையும் கவனியுங்கள். எந்த இடத்தில் காவலரண் இருந்தது, எந்த வரிசையில் வெடி புதைத்தார்கள் என்று தெரிந்துதான் ஒழுங்கை வெட்டுகிறார்கள். நாளையும் அவர்களுக்குத் தெரியும். 2017 டிசம்பரில் இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. அதன்படி 2028க்குள் நிலம் முழுதும் துப்புரவாக வேண்டும். நேற்றின் வரைபடமும் நாளையின் தவணையும் அவர்களிடம் உண்டு. கையும் கண்ணும் மட்டும் முன்னால் உள்ள மண்ணில்.

நாளையைப் பற்றி எங்கள் கமக்காரர்களிடம் கேளுங்கள். 1920இல் கட்டி முடித்த கிளிநொச்சி இரணைமடுக் குளம் இப்போது 36 அடி தண்ணீர் கொள்ளும். மாரி மழை ஓய்ந்த பிறகு மாவட்டச் செயலகம், நீர்ப்பாசனத் திணைக்களம், கமநல சேவை, கமக்காரர் அமைப்புகள் எல்லாரும் கூடிச் சிறுபோகக் கூட்டம் நடத்துவார்கள். குளத்தில் இன்று எத்தனை அடி தண்ணீர் என்பது முதலில் மேசைக்கு வரும். அதற்கு எத்தனை ஏக்கர் காணும், எந்தத் திகதிக்கு முன் விதைத்து முடிக்க வேண்டும், எந்தத் திகதியில் வாய்க்காலைத் திறப்பது, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். போன வருடம் குளம் வான் பாய்ந்தது என்பது அங்கே செல்லாது. சித்திரையில் ஒரு மழை வரும் என்ற நம்பிக்கையும் செல்லாது. இருக்கிற தண்ணீருக்குத்தான் விதைப்பு.

சில வருடங்களில் அந்தக் கணக்கை மீறி, எப்படியும் தண்ணீர் கிடைக்கும் என்று கூடுதலாக விதைக்கிறவர்கள் உண்டு. அப்போது யாருடைய பயிர் எரிகிறது? வாய்க்காலின் கடைசியில் இருக்கிறவனுடையது. வராத நாளையை நம்பிச் செலவழித்தால் அந்தக் கடனைப் பெரும்பாலும் பக்கத்து ஆள்தான் கட்டுகிறான். நுண்கடன் கம்பனிகள் எங்கள் பெண்களுக்கு விற்றதும் இப்படியான ஒரு நாளையைத்தான். கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நின்று அதை அறவிட்டார்கள்.

பிள்ளைகளே, உங்களுக்கு முன்னாலும் அப்படி ஒரு நாளை விரித்து வைக்கப்பட்டிருக்கிறது. அரசாங்க நியமனம் வரும்வரை என்று சொல்லி மூன்று, நான்கு வருடம் வீட்டில் இருந்துவிட்ட பட்டதாரிகளை நான் அறிவேன். படித்தது துருப்பிடித்துவிடுகிறது. நியமனம் கேட்கக் கூடாது என்று சொல்லவில்லை. கேளுங்கள், உரிமையோடு கேளுங்கள். அது வரும்வரை உங்கள் வாழ்க்கை தொடங்கவில்லை என்று மட்டும் எண்ணாதீர்கள். இன்னொரு கூட்டம் வெளிநாட்டுக் கனவில் இருக்கிறது. 2022 நவம்பரில் கனடாவுக்கென்று புறப்பட்டு நடுக்கடலில் தத்தளித்த முந்நூறுக்கும் மேற்பட்ட இலங்கையர்களை ஒரு கப்பல் மீட்டு வியட்நாமில் இறக்கியது. காணி விற்று, நகை விற்று ஏஜென்சிக்காரனுக்குக் கொடுத்தவர்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. இங்கே மூச்சு முட்டுகிறது என்பதால் போனார்கள். ஆனால் போவதா விடுவதா என்ற யோசனையிலேயே இளமையில் பாதியைக் கரைத்துவிடுவது பெரிய நட்டம். போகிறவர் போகும் நாள்வரை இங்கே இருக்கிறார் அல்லவா? ஒட்டுசுட்டானிலும் துணுக்காயிலும் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் போதாத பாடசாலைகள் இருக்கின்றன. கிழமைக்கு ஒரு பின்னேரம் போய்ப் படிப்பிக்க யாருடைய நியமனக் கடிதமும் தேவையில்லை. இந்த வவுனியாப் பல்கலைக்கழகமே 1991இல் ஒரு சிறிய இணைந்த கல்லூரியாகத் தொடங்கி, 1997இல் வளாகமாகி, 2021 ஓகஸ்ட்டில்தான் தனித்து நின்றது. நிலைமை சரிவரட்டும் என்று காத்திருந்தால் நீங்கள் இன்று உடுத்தியிருக்கும் இந்த உடுப்பு இல்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, இந்தப் புத்திமதியை நான் யாருக்குச் சொல்லமாட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் அம்மாமார் போராட்டத்தில் அமர்ந்தார்கள். நான்கு நாள் கழித்து இங்கே வவுனியாவிலும் அமர்ந்தார்கள். பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு அவர்கள் கேட்டது, போர் முடிவில் படையினரிடம் ஒப்படைத்த பிள்ளை எங்கே என்ற ஒரே கேள்வி. காணாமல் போனோர் அலுவலகம் வந்தது, ஆணைக்குழுக்கள் வந்தன, பதில் வரவில்லை. திவசம் செய்யவும் முடியாது, கலியாணப் பேச்சு எடுக்கவும் முடியாது. அவர்களுக்கு நேற்று முடியவில்லை. முடிக்கவேண்டிய பொறுப்பு அவர்களுடையதும் அல்ல. அவர்கள் பழசில் வாழ்கிறார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெயிலிலும் மழையிலும் அன்றன்றைக்கு வந்து இருந்தார்களே, அதைவிட இன்றில் வாழ்கிறவர் யார்? பதில் கிடைக்காமலே பல அம்மாமாரும் அப்பாமாரும் கண்ணை மூடிவிட்டார்கள்.

உங்களுக்குக் கணினி தெரியும், எழுதத் தெரியும், கேள்விகளை ஒழுங்காகக் கேட்கத் தெரியும். மூன்று மொழி தெரிந்தவர்களும் உங்களிடையே இருக்கிறார்கள். அந்த அம்மாமாரிடம் போங்கள். பிள்ளையின் பேர், எந்த இடத்தில், எந்தத் திகதியில், யாரிடம் கையளித்தார்கள், என்ன உடுப்புப் போட்டிருந்தான் என்று அவர்கள் சொல்லச் சொல்ல எழுதி, பிரதி எடுத்து, பத்திரமாக வையுங்கள். தேத்தண்ணி தந்தால் குடித்துவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் இருங்கள். அவர்களில் பலருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. வேலை கிடைத்த பிறகு பார்ப்போம் என்று இதைத் தள்ளிவைக்க வேண்டாம். இந்தக் கிழமையே போங்கள்.