தொண்டர் தொடங்கிய கட்சி: அ.தி.மு.க. வரலாற்றில் சென்னையின் தென்புறம்



கட்சிகளின் வரலாறு நம்மிடையே பெரும்பாலும் தலைவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. எந்தத் தலைவர் எந்த மேடையில் என்ன பேசினார், யார் யாரை நீக்கினார், யார் முதலமைச்சர் ஆனார் என்பதோடு அது முடிந்துவிடுகிறது. கொடிக்கம்பம் நட்டவரும் படிப்பகத்துக்கு நாளிதழ் வாங்கிப் போட்டவரும் அதில் வருவதில்லை. அவர்களை விட்டுவிட்டு எழுதினால் வரலாறு குறைபடுவது மட்டுமல்ல, தவறாகவும் போகிறது என்பதே என் கருத்து. அதற்குச் சான்றாக, நாம் கூடியிருக்கும் இந்தத் தாம்பரம், பல்லாவரம், அனகாபுத்தூர் வட்டாரத்தோடு பிறப்பிலேயே தொடர்புடைய ஒரு கட்சியை எடுத்துக்கொள்கிறேன். அது அனைத்திந்திய அண்ணா திராவிட முன்னேற்றக் கழகம். அதை வாழ்த்தவோ வசைபாடவோ நான் இங்கு வரவில்லை.

1. பரங்கிமலைத் தொகுதி

அறுபதுகளில் இந்தத் தென்புறம் எப்படி இருந்தது? 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் வந்துவிட்டது. அந்தத் தண்டவாளத்தை ஒட்டிக் குரோம்பேட்டையில் தோல் தொழிற்சாலை, நாகல்கேணியில் தோல் பதனிடும் கூடங்கள், பெருங்களத்தூர்ப் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் ஆலை, பல்லாவரம் திரிசூலம் மலைகளில் கல்குவாரிகள். இவற்றுக்கு நடுவே ஏரிப் பாசன வயல்களும் நெசவாளர் தெருக்களும் இருந்தன. காலை ஷிப்டுக்குப் போகிறவரும் ஏர் ஓட்டுகிறவரும் ஒரே ஊரில், சில சமயம் ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள். தனித்தமிழ் இயக்கத்தின் முன்னோடி மறைமலையடிகள் வாழ்ந்து மறைந்ததும் பல்லாவரத்தில்தான். மொழியுணர்வும் உழைப்பாளர் வாழ்வும் சேர்ந்த இந்த மண்ணில் தி.மு.க. வேர்விட்டதில் வியப்பில்லை.

1967 தேர்தலில் பரங்கிமலைத் தொகுதியின் தி.மு.க. வேட்பாளர் திரைப்பட நடிகர் எம்.ஜி.ஆர். அந்த ஆண்டு ஜனவரி 12 அன்று, தொகுதிக்கு மிக அருகிலுள்ள இராமாவரம் தோட்டத்து வீட்டில், நடிகர் எம்.ஆர். ராதா அவரைச் சுட்டார். வேட்பாளர் மருத்துவமனையில் கிடந்தார். கழுத்தில் கட்டுப் போட்ட அவருடைய படம் சுவரொட்டியாகி வீதி வீதியாக ஒட்டப்பட்டது. அவர் வந்து வாக்குக் கேட்கவில்லை, தொண்டர்கள்தான் கேட்டார்கள். 27,674 வாக்குகள் வித்தியாசத்தில் அவர் வென்றார். 1971-இலும் இதே தொகுதி அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது.

இந்த வெற்றியை அனுதாப அலை என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் அலை தானாக வீடு வீடாகப் போவதில்லை. பசை காய்ச்சியவரும், வாக்காளர் பட்டியலோடு தெருத்தெருவாக அலைந்தவரும், வாக்குச்சாவடியில் நாள் முழுக்க உட்கார்ந்தவரும் இந்த ஊர்க்காரர்கள். அவர்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்ற உறுப்பினர்தான் ஐந்து ஆண்டுகளில் தமிழ்நாட்டு அரசியலையே இரண்டாகப் பிளந்தார்.

2. கணக்குக் கேட்ட அக்டோபர்

1969-இல் முதலமைச்சர் அண்ணா மறைந்தார். மு. கருணாநிதி முதலமைச்சரானார், எம்.ஜி.ஆர். தி.மு.க.வின் பொருளாளரானார். 1971-இல் மதுவிலக்குத் தளர்த்தப்பட்டது பற்றிய மனக்குறை, கருணாநிதியின் மகன் மு.க. முத்துவின் திரைப்பட வரவு, ரசிகர் மன்றங்களைச் சுற்றிய உரசல், தில்லி அரசியல் என்று பிளவுக்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. எது முதற்காரணம் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

வெளிப்படையாக நடந்தது இது. 1972 அக்டோபர் 8 அன்று, செங்கல்பட்டைத் தாண்டியுள்ள திருக்கழுக்குன்றத்தில் நடந்த கூட்டத்தில், கட்சிப் பொறுப்பில் இருப்பவர்கள் தங்கள் சொத்துக் கணக்கைக் காட்ட வேண்டும் என்று எம்.ஜி.ஆர். பேசினார். கட்சிக்குள் எழுப்ப வேண்டியதைப் பொருளாளரே பொதுமேடையில் எழுப்பியது ஒழுங்கு மீறல் என்றது தலைமை. இரண்டு நாளில் அவர் தற்காலிகமாக நீக்கப்பட்டார். அக்டோபர் 14 அன்று பொதுக்குழு அந்த நீக்கத்தை உறுதிசெய்தது.

இரு தரப்பிலும் நியாயம் பேச இடமுண்டு. ஆனால் ஒன்றை நாம் மறக்கக் கூடாது. கணக்குக் கேட்பது என்பது உறுப்பினர் சந்தா கட்டி ரசீது வாங்கிய கடைசித் தொண்டனுக்கும் உரிய உரிமை. அந்த உரிமையைச் சொல்லித்தான் புதிய கட்சி பிறந்தது. பின்னாளில் அதே கேள்வியை அந்தக் கட்சியிடமும் மக்கள் கேட்டார்கள். அப்படிக் கேட்டதும் சரியே.

3. அனகாபுத்தூர்

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். அனகாபுத்தூர் நெசவாளர் ஊர். ‘மெட்ராஸ் கைக்குட்டை’ என்று ஏற்றுமதி வணிகத்தில் பெயர்பெற்ற கட்டம் போட்ட துணி இங்கே கைத்தறியில் நெய்யப்பட்டு நைஜீரியா வரை போனது. 1953-இல் கைத்தறி நெசவாளர் பட்டினி கிடந்தபோது, அண்ணாவும் அவருடைய தோழர்களும் துணிகளைத் தோளில் சுமந்து வீதிகளில் விற்றார்கள். நெசவாளர் வீடுகள் திராவிட இயக்கத்தை உறவாக எண்ணியதற்கு இத்தகைய நினைவுகளும் காரணம்.

இந்த ஊரைச் சேர்ந்த இராமலிங்கம் என்ற தொண்டர்தான் அண்ணா தி.மு.க. என்ற பெயரில் கட்சியைத் தொடங்கியவர். சாதாரணத் தொண்டர் ஒருவர் தொடங்கிய கட்சியில் தாம் சேர்வதாக எம்.ஜி.ஆர். அறிவித்தார். 1972 அக்டோபர் 17 கட்சியின் தொடக்க நாளாயிற்று. அனகாபுத்தூர் இராமலிங்கம் பின்னர் சட்ட மேலவை உறுப்பினராக்கப்பட்டார்.

தமிழ்நாட்டைப் பல்லாண்டுகள் ஆண்ட ஒரு கட்சியின் பெயர் கோட்டையிலோ கோடம்பாக்கத்திலோ பிறக்கவில்லை, அனகாபுத்தூர்க்காரர் ஒருவரிடம் பிறந்தது. இதை நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம்? ஊரின் பெயரே தன் பெயருக்கு முன்னொட்டாக நிற்க, அவர் வரலாற்றில் ஒரு வரியாகச் சுருங்கிவிட்டார். அந்த வரியை நாம்தான் விரித்து எழுத வேண்டும்.

4. மன்றம் கிளையானது

புதிய கட்சிக்கு ஆயத்தமான அமைப்பு ஒன்று ஏற்கெனவே இருந்தது. அதுதான் எம்.ஜி.ஆர். ரசிகர் மன்றங்கள். முதல் நாள் காட்சிக்குத் தோரணம் கட்டியவர்களே கிளைச் செயலாளர்கள் ஆனார்கள். 1973 மே மாதம் திண்டுக்கல் நாடாளுமன்ற இடைத்தேர்தலில் கட்சி வேட்பாளர் மாயத்தேவர் இரட்டை இலைச் சின்னத்தில் வென்றார். தொடங்கி ஏழே மாதமான கட்சிக்கு அது பெருவெற்றி. 1976-இல் ‘அனைத்திந்திய’ என்ற சொல் பெயரில் சேர்ந்தது.

1977 சட்டமன்றத் தேர்தலில் கட்சி 130 இடங்களைப் பிடித்தது. ஜூன் 30 அன்று எம்.ஜி.ஆர். முதலமைச்சரானார். அந்தத் தேர்தலில் தாம்பரம் தொகுதியில் வென்ற முனு ஆதி சட்டப்பேரவைத் தலைவரானார். கட்சிக்குப் பெயர் தந்த வட்டாரமே அதன் முதல் ஆட்சிக்குப் பேரவைத் தலைவரையும் தந்தது.

5. ஆட்சியும் ஊரும்

எம்.ஜி.ஆர். ஆட்சியின் சத்துணவுத் திட்டத்தை எல்லோரும் சொல்வார்கள். புறநகருக்கு அதற்கு நிகராக முக்கியமான இன்னொன்றைச் சொல்கிறேன். 1980 நவம்பரில், வழிவழியாக வந்த கர்ணம், முன்சீப் பதவிகள் ஒழிக்கப்பட்டன. பிறகு தேர்வு எழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர்கள் அந்த இடத்துக்கு வந்தார்கள். வயல்கள் மனைகளாகிக்கொண்டிருந்த இந்த வட்டாரத்தில் நிலப் பதிவேடுகளான சிட்டாவும் அடங்கலும் யார் கையில் என்பது பிழைப்பைத் தீர்மானிக்கும் கேள்வி. அந்த அதிகாரம் ஒரு சில குடும்பங்களின் திண்ணையிலிருந்து அரசு அலுவலகத்துக்கு வந்தது. ஏரிகளும் புறம்போக்கும் பின்னர் பறிபோனதை அது தடுத்துவிடவில்லை. அதற்கு எல்லாக் கட்சிகளின் உள்ளூர்ப் பொறுப்பாளர்களும் பதில் சொல்லியாக வேண்டும்.

கட்சிக்குள்ளும் ஒரு விதி இருந்தது. பொதுச்செயலாளரை அடிப்படை உறுப்பினர்கள் அனைவரும் சேர்ந்தே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது எம்.ஜி.ஆர். காலத்து ஏற்பாடு. தொண்டர் தொடங்கிய கட்சிக்குப் பொருந்திய விதி அது. 2016-இல் பொதுச்செயலாளராக இருந்த ஜெயலலிதா மறைந்தபின், அந்தப் பதவியைச் சுற்றிய சண்டை உச்ச நீதிமன்றம் வரை போனது. தொண்டனின் உரிமையை வழக்கறிஞர்கள் வாதிட்டார்கள், தொண்டன் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தான். இது ஒரு கட்சியின் குறை மட்டுமல்ல. கிளை கூடிப் பேசுவதும் தீர்மானப் புத்தகத்தில் எழுதுவதும் நின்றுபோன எல்லாக் கட்சிகளுக்கும் இது பொருந்தும்.

6. நாம் செய்ய வேண்டியது

2021-இல் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து 70 வார்டுகள் கொண்ட தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று. பழைய அலுவலகங்கள் இடம் மாறும்போது பழைய தாள்கள் எடைக்குப் போகின்றன. வீடு இடித்துக் கட்டும்போது பரணில் இருந்த துண்டறிக்கைகளும் போய்விடுகின்றன.

ஆகவே மூன்று வேண்டுகோள்களை இந்த அவையின் முன் வைக்கிறேன். எந்தக் கட்சியானாலும் கிளைத் தீர்மானப் புத்தகம், ரசீதுக் கட்டு, சுவரொட்டி, மாநாட்டுப் படம் ஆகியவற்றைச் சேர்த்துவைக்க மாநகராட்சி நூலகம் ஒன்றில் தனி அறை வேண்டும். நம் வட்டாரக் கல்லூரிகளின் வரலாறு, தமிழ்த் துறை மாணவர்கள், 1967-ஐயும் 1972-ஐயும் நேரில் கண்ட முதியோரின் வாய்மொழியைப் பதிவுசெய்ய வேண்டும். அனகாபுத்தூர் இராமலிங்கத்தின் வாழ்க்கை வரலாறு இந்த ஊர்க்காரர் கையாலேயே எழுதப்பட வேண்டும்.

கட்சி என்பது தலைவரின் சொத்தும் அல்ல, அவர் குடும்பத்தின் சொத்தும் அல்ல. சந்தா கட்டியவர், கொடி பிடித்தவர், கணக்குக் கேட்டவர் அனைவருக்கும் அது உரியது. அவர்களுடைய பெயரோடு வரலாற்றை எழுதுவோம். அடுத்த தலைமுறைத் தொண்டன் கணக்குக் கேட்கும்போது, அது தனக்கு உரிய உரிமை என்று தெரிந்தே கேட்பான்.