வீட்டைப் பதிப்பித்தல்



1887ஆம் ஆண்டு சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே. சாமிநாதையர் ஓர் ஏட்டை மட்டும் நம்பி அப்பணியைச் செய்யவில்லை. பல ஏடுகளை ஒப்புநோக்கினார், பழைய உரையைத் துணைக்கொண்டார், பாடவேறுபாடுகளை ஆராய்ந்தார். சிதைந்த நூலுக்கு அவர் செய்ததையே பழுதுற்ற வீட்டுக்கும் செய்ய வேண்டியிருக்கிறது.

இதற்குச் செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையே சான்று பகரும். 2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை, மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் ஒரு பாறையின் கல்வெட்டுகளை வெளிப்படுத்தியது. அவை சுட்டிய முருகன் கோயிலைத் தேடி 2005இல் தொல்லியல் துறையினர் அகழ்ந்தனர். பல்லவர் காலக் கற்பணியும், அதன்கீழ் அதனினும் பழைய செங்கற்கோயிலும் கிடைத்தன. கோயில் உண்டென்று எழுத்து சொல்லிற்று. கல்லுக்கு அடியில் செங்கல் உண்டென்பதை அகழ்வுதான் சொல்லிற்று.

அதே மாவட்டத்துப் பெரும்பாக்கத்தில் 12 தொகுதிகளாக எழுந்த 1,152 வீடுகள் 2022 மே 26 அன்று திறந்து வைக்கப்பட்டன. தூணும் உத்தரமும் தளமும் முன்கூட்டியே கான்கிரீட்டில் வார்க்கப்பெற்று, களத்தில் இணைக்கப்பட்ட வீடுகள் அவை. இத்தகைய கட்டடத்தின் உயிர் இணைப்புகளில் இருக்கிறது. இணைப்போ பூச்சுக்குள் மறைந்திருப்பது. உப்புக்காற்றில் உள்ளிருக்கும் இரும்பு துருவேறினாலும் நெடுநாள் வெளியே தெரியாது.

இலண்டனில் ரோனன் பாயின்ட் என்னும் 22 மாடிக் கட்டடமும் முன்வார்ப்புப் பலகைகளால் ஆனதே. 1968 மே 16 அன்று 18ஆம் மாடியில் எரிவாயு வெடித்து, ஒரு மூலை முழுவதும் சரிந்தது, நால்வர் மாண்டனர். பின்னர் அது வலுப்படுத்தப்பட்டு, மக்கள் மீண்டும் குடியேறினர். 1986இல் அதைப் பிரித்தெடுத்தபோது, சாந்து நிரம்பியிருக்க வேண்டிய இணைப்புகள் சிலவற்றில் பழைய செய்தித்தாள் திணிக்கப்பட்டிருந்தது தெரிந்தது. வரைபடம் ஒரு பாடம். கட்டடம் வேறொரு பாடம்.

இன்று லேசர் அளவைக் கருவியால் ஒரு கட்டடத்தை முழுமையாக அளந்து கணினி மாதிரி ஆக்கலாம். ஒவ்வொரு பலகைக்கும் வார்த்த நாள், கம்பியின் அளவு, பழுதின் வரலாறு ஆகியவற்றை அதிலேயே பதியலாம். ஆயினும் லேசர் மேற்பரப்பை மட்டுமே அறியும். உள்ளே இருப்பதை அறிய வார்ப்புக் களத்தின் பதிவேடு வேண்டும். வார்த்தவரின் நினைவு வேண்டும். ஐயம் எழும் இடத்தில் இணைப்பைத் திறந்து பார்த்தலும் வேண்டும். ஏட்டில் உள்ளது எது, கண்ணால் கண்டது எது, ஊகித்தது எது என மூன்றையும் மாதிரியில் வேறுபடுத்திக் காட்டுவதே நேர்மை. ஊகத்தை மூலபாடமாகக் காட்டும் பதிப்பு நூலைக் கெடுக்கும். அத்தகைய மாதிரி உயிரையே பறிக்கும்.

இப்பதிவு இல்லாவிடில், நாற்பது ஆண்டுகள் கழித்துப் பழுது தோன்றும் நாளில், எங்கே துளையிடலாம், எந்த இணைப்பை வலுப்படுத்தலாம் என்று சொல்ல எவரும் இரார். இடிப்பதே எளிது என்னும் தீர்ப்பு எழும். அங்கு வாழும் எளியோர் மூட்டை கட்ட நேரும்.

சாமிநாதையர் ஊர் ஊராக ஏடு தேடி அலைந்தார். ஐயம் கேட்க மூல ஆசிரியர் எவரும் அன்று உயிரோடில்லை. பெரும்பாக்கத்து வீடுகளை வார்த்த கைகளோ இன்றும் நம்மிடையே இருக்கின்றன. அவர்களிடம் கேட்டு எழுதிவைக்க வேண்டிய காலம் இதுவே.