பாதித் தொகை யார் பையிலிருந்து?

காவல் துறையினர் மீதான புகார்களையும் இழப்பீட்டையும் பற்றிய இந்தக் கருத்தரங்கைத் தருமபுரியில் கூட்டியது சரியான முடிவு. அரூர் வட்டத்து வாச்சாத்தியை விட்டுவிட்டுத் தமிழ்நாட்டில் இந்தப் பொருளைப் பேச முடியாது.

1992 ஜூன் 20. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல் துறை, வருவாய்த் துறையினர் 269 பேர் அந்தப் பழங்குடி ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகளை நொறுக்கினார்கள், குடிநீர்க் கிணற்றில் டீசலை ஊற்றினார்கள். கடத்தல்காரரைப் பிடிக்க வந்தவருக்குக் கிணற்றடியில் என்ன வேலை? கேட்க வேண்டிய மேலதிகாரிகள் கேட்கவில்லை. மார்க்சிஸ்ட் கட்சியும் மலைவாழ் மக்கள் சங்கமும் நீதிமன்றப் படியேறின. பட்டியல் சாதி, பழங்குடி ஆணையத்தின் அதிகாரி பாமதி நேரில் விசாரித்து எழுதிய அறிக்கை வழக்குக்கு உயிர் கொடுத்தது. 1995இல் சி.பி.ஐ. வந்தது. 2011 செப்டம்பர் 29 அன்று இதே தருமபுரியின் நீதிமன்றம், உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. மீதி 54 பேர் தீர்ப்புக்கு முன்பே காலமாகியிருந்தார்கள்.

இனி பணத்துக்கு வருவோம். கூச்சப்பட ஒன்றுமில்லை. கஸ்தூரிலால் வழக்கில், போலீஸ் பறிமுதல் செய்து வைத்திருந்த தங்கத்தை ஏட்டு சுருட்டிக்கொண்டு நாட்டைவிட்டே ஓடினார். அதற்கு அரசு பொறுப்பல்ல என்று 1964இல் சொன்னது உச்ச நீதிமன்றம். விடுதலையான பிறகும் 14 ஆண்டு சிறையில் கிடந்த ருதுல் ஷாவுக்கு 1983இல் அதே நீதிமன்றம் 35,000 ரூபாய் தரச் சொன்னது. கதவு திறந்தது, ஆனால் பணம் வந்தது கஜானாவிலிருந்து. அமெரிக்காவிலும் இதுதான் வழக்கம்: காவலரால் கொல்லப்பட்ட ஜார்ஜ் ஃபிளாய்டின் குடும்பத்துக்கு 2021இல் 2.7 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது மினியாபொலிஸ் நகர நிர்வாகம். அடித்தவர் ஒருவர், தண்டம் கட்டுபவர் ஊரார்.

வாச்சாத்தி மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி வேல்முருகன் இந்த வழக்கத்தை உடைத்தார். ஊருக்கே போய்ப் பார்த்தவர் அவர். 2023 செப்டம்பர் 29 அன்று தண்டனையை உறுதிசெய்து, 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் தரவும், அதில் பாதியை வன்கொடுமைக் குற்றவாளிகளிடமே வசூலிக்கவும் ஆணையிட்டார். அன்றைய ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னார்.

இதோடு இன்னொன்றைச் சேர்த்துப் பாருங்கள். காவல் துறைப் புகார்களை விசாரிக்க, ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைமையில் மாவட்டந்தோறும் ஆணையம் வேண்டும் என்று 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாடு 2013இல் சட்டம் இயற்றியது. தலைவர் நாற்காலியில் ஆட்சியர். உறுப்பினராகக் காவல் கண்காணிப்பாளர். எந்த இரண்டு பதவிகளின் மௌனத்தை உயர் நீதிமன்றம் குற்றமாகப் பார்த்ததோ, அந்த இரண்டுமே புகாரைக் கேட்க உட்கார்ந்திருக்கின்றன! இந்த ஏற்பாட்டைத் திருத்தாமல் வேறெதைச் சீர்திருத்தினாலும் பயனில்லை என்பது என் எண்ணம்.

முதல் அமர்வுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். தீர்ப்பைப் புகழ்வதோடு நிறுத்திவிடாதீர்கள். பதவி போனவரிடம், இறந்தவரின் வாரிசிடம், ஓய்வூதியத்திலிருந்து என்று அந்தப் பாதித் தொகையை வசூலிக்கச் சட்டத்தில் என்னென்ன வழி உண்டு, எதெல்லாம் அடைபட்டிருக்கிறது என்பதிலிருந்து தொடங்குங்கள்.